வயலினுக்கு மேலே ஒரு மைக்

திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் பக்கத்தில் மைக் செட் தொழில் செய்கிறவனிடம் விழா நடத்துகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, எத்தனை பாக்ஸ் போடுவிய?" என்பதுதான். எந்த மைக்கை எங்கே வைப்பீர்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் கொயர் மாஸ்டர்கள் மட்டுமே. கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பாக்ஸ் கணக்குப் போதும். பத்துப் பன்னிரண்டு வயலின், இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ், புல்லாங்குழல், டிரம்பெட், பின்னால் அறுபது பேர் கொண்ட பாடகர் குழு என்று உட்காருகிற இடத்தில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே வேலை மைக்கில் தொடங்குகிறது. அதிலும் எந்த மைக்கைத் திறக்காமல் விடுவது என்பதில் தொடங்குகிறது.

எங்கள் ஊரில் இப்படியொரு தேவை எழுந்ததில் வியப்பில்லை. 1876இல் நாசரேத்துக்கு வந்த மிஷனரி கனோன் ஆர்தர் மர்காஷிஸ் 1908இல் மறையும்வரை இங்கேயே இருந்து மருத்துவமனை, தொழிற்பள்ளி, பள்ளிக்கூடங்கள் என்று ஊரை வளர்த்தார். அந்தத் தலைமுறை மிஷன் பள்ளிகள் வழியாகத்தான் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய, சுரங்களை எழுத்தால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறை திருநெல்வேலிச் சீமையில் வேர்பிடித்தது. ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரியாத பாட்டிமார் நான்கு குரல் பாட்டில் தங்கள் ஆல்ட்டோ பாகத்தைப் பிசகாமல் பாடுவதை இங்கே பார்க்கலாம். நாசரேத் தூய யோவான் பேராலயம், 192 அடிக் கோபுரத்தோடு நிற்கும் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம், சாயர்புரம், பிரகாசபுரம், முதலூர் என்று எங்கே போனாலும் டிசம்பரில் கீத ஆராதனை உண்டு. ஆர்மோனியம் இருந்த இடத்துக்குக் கீபோர்டு வந்தது. பிறகு வயலின் கற்ற பிள்ளைகள் வந்தார்கள். பெரிய நிகழ்ச்சி என்றால் நாகர்கோவிலிலிருந்தும் சென்னையிலிருந்தும் செல்லோ, பாஸ் வாசிக்கிறவர்களை வரவழைக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபின் ஆர்கெஸ்ட்ரா ஆசை இன்னும் கூடியிருக்கிறது. எனக்கும் அதில் மிகுந்த சந்தோஷம்.

நான் தொழில் பழகியது கூம்புக் காலத்தில். பனைமரத்தில் ஏறிக் கூம்பைக் கட்டி, யூனிட்டை மாட்டி, ஆஹுஜா ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுப்போம். கூம்பில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. பேச்சு தெளிவாகக் கேட்க அதுவே உதவியது. செல்லோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸ். டபுள் பாஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கூம்பில் போட்டால் இரண்டும் கட்டைக் குரல் போய்க் கீச்சென்று கேட்கும். அதனால் கூம்புக் காலத்தில் கற்ற பலவற்றை நான் விட்டுவிட்டேன். என் முதலாளி சொல்லித்தந்த ஒன்றை மட்டும் விடவில்லை. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்வதற்குமுன் மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்வார். "முதல்ல சும்மா கேளு தம்பி. தானா கேக்குற இடத்துக்கு மைக் எதுக்கு?" என்பார்.

இன்றும் ஒத்திகைக்குப் போனால் என் மிக்சர் மூடியே இருக்கும். குழுவினர் முழுப் பாட்டையும் மைக் இல்லாமல் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். நான் முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நடப்பேன். டிரம்பெட் எங்கே நின்றாலும் கேட்கும், டிம்பனியும் அப்படித்தான். பாடகர் குழுவில் ஆண் குரல்கள் பாதி ஆலயம்வரை வரும். வயலின் நாலாவது பெஞ்சோடு நின்றுவிடும், புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி அதற்கும் முன்பே. எனக்கு வேண்டிய பட்டியல் அந்த நடையிலேயே கிடைத்துவிடும். எது எட்டவில்லையோ அதற்கு மட்டும் மைக்.

எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், பாக்ஸின் சத்தம் மைக்குக்குள் திரும்பிக் கூவாமல் கொடுக்கக்கூடிய அளவில் 3 டெசிபல் குறைந்துவிடும். 4 மைக்கிலிருந்து 32 மைக்குக்குப் போனால் 9 டெசிபல் நஷ்டம். ஆம்ப்ளிஃபயர் சக்தியில் அது எட்டு மடங்கு. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி இந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது. மைக் கூவுவதற்கும் வாட்ஸுக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு பக்கம், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடக் கிடைக்கும். 80 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 18 டெசிபல் லாபம். ஆக, குறைவான மைக், நெருக்கமான மைக். நேரடி நிகழ்ச்சிக்கு அடிப்படை இவ்வளவுதான். ஆனால் நெருக்கத்துக்கும் விலை உண்டு.

வயலினையே எடுத்துக்கொள்வோம். நம் கச்சேரி வித்வான் தரையில் அமர்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிச் சாய்த்து வைத்திருப்பார். அதன் முகம் சபையைப் பார்த்துச் சற்றே மேல்நோக்கி இருக்கும். முன்னால் குட்டை ஸ்டாண்டில் ஒரு மைக் வைத்தால் நாதம் முழுசாக வரும். ஆர்கெஸ்ட்ரா வயலின்காரர் அதைத் தோளில் வைத்து நிற்கிறார் அல்லது நாற்காலியில் அமர்கிறார். இப்போது வயலினின் முகம் கூரையைப் பார்க்கிறது. அதன் நாதத்தில் பளபளப்பான மேல் அலைகள் எல்லாம் மேலேதான் போகின்றன. முன்னால் வைத்த மைக்குக்கு வில்லின் உரசலும் மங்கிய ஓசையுமே எட்டும். கச்சேரிக்குப் பழகிய மைக் செட்காரர்கள் மேற்கத்திய வயலினை முன்னாலிருந்து பிடிக்க முயன்று, சத்தம் போதவில்லை என்று கெயினைக் கூட்டி, கடைசியில் கூவ விடுவதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். மைக்கைத் தூக்கி வயலினுக்கு மேலே கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு வாசிப்பவர்கள் ஒரு நொட்டேஷன் ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வது ஆர்கெஸ்ட்ரா வழக்கம். அந்த இருவருக்கும் நடுவில், தலைக்குச் சற்று மேலே, சின்ன டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்று. கார்டியாய்டு வகை மைக்கின் செவிடான பக்கம் நேர் பின்புறம். சூப்பர் கார்டியாய்டுக்கு அது பின்பக்கம் இரு புறமும் சரிவாக, முன்முகத்திலிருந்து ஏறக்குறைய 125 பாகையில் இருக்கும். அந்தச் செவிட்டுப் பக்கம் டிரம்பெட்டையோ பாடகர் குழுவையோ பார்க்கும்படி மைக்கைச் சாய்ப்பதில்தான் என் ஒத்திகை நேரத்தில் பாதி போகும். எதைக் கேட்க வேண்டும் என்பதைவிட எதைக் கேட்கக்கூடாது என்று மைக்கைத் திருப்புவது பெரிய வேலை. அடுத்த மைக் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. வாத்தியத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இரு மைக்குகளுக்கு இடையே வேண்டும். நெருங்கினால் ஒரே வயலின் இரண்டு மைக்கிலும் சிறு கால இடைவெளியோடு விழுந்து, சில சுரங்கள் தேய்ந்தும் சில புடைத்தும் கேட்கும்.

வாத்தியத்திலேயே மாட்டும் கிளிப் மைக்குகளும் இப்போது உண்டு. கழுத்து வளையும் சின்ன மைக். சத்தம் தாராளமாகக் கிடைக்கும். மற்ற வாத்தியங்கள் அதிகம் கலக்காது. ஆனால் பன்னிரண்டு வயலினும் பன்னிரண்டு தனி வயலினாகவே கேட்கும். குழுவாக வாசிக்கும்போது காற்றில் கலந்து பிறக்கும் அந்த மெத்தென்ற நாதம் வராது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் வெட்டினால் கூர்மை குறையும், அவ்வளவுதான். ஆகவே ஆலயத்துக்குள் மேலே தொங்கும் மைக், திறந்த வெளியில் முன் வரிசைக்குக் கிளிப் மைக். இது என் பழக்கம். இதில் மாற்றுக் கருத்துள்ள நல்ல தொழில்காரர்கள் உண்டு.

மற்ற வாத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்லாங்குழலின் அடிமுனையில் மைக் வைப்பது வீண். வாய்த்துளைக்கும் விரல்களுக்கும் நடுவே மேலிருந்து வைக்க வேண்டும். கிளாரினெட் பெரும்பாலான சுரங்களை வாயகலத்தில் அல்ல, துளைகளில்தான் வெளியிடுகிறது. பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. அதன் பின்னால் சுவர் இருந்தால் மைக்கே தேவைப்படாது. செல்லோவுக்கு முழங்கால் உயரத்தில், குதிரையைப் பார்த்தபடி ஒன்று. கீபோர்டு நேராக லைனில் வருவதால் ஒரு விரலை வைத்தாலே எல்லா வயலினையும் மூடிவிடும். எனவே அதன் ஃபேடரை எப்போதும் கடைசியாகத்தான் தொடுவேன்.

யூடியூப் பார்த்து வரும் தம்பிமார் "டெக்கா ட்ரீ போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். நடத்துநர் தலைக்கு மேலே, முக்கோணமாக மூன்று மைக். 1950களின் நடுவில் லண்டன் டெக்கா நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய அருமையான முறை அது. எல்லாத் திசையையும் கேட்கும் மைக்குகளை அதற்குப் பயன்படுத்தினார்கள். ரெக்கார்டிங்குக்கு அதைவிட அழகான நாதம் தருவது கடினம். பாக்ஸ் பாடிக்கொண்டிருக்கும் அதே கட்டடத்தில் அதைத் திறந்தால் முதலில் மைக்குக்குள் வருவது பாக்ஸின் சத்தம்தான். ரெக்கார்டிங் மைக்கும் சபைக்கான மைக்கும் வேறு வேறு வேலை செய்கின்றன. பதிவு வேண்டுமென்றால் அந்த மூன்றையும் வைத்து, பாக்ஸுக்கு அனுப்பாமல் ரெக்கார்டருக்கு மட்டும் அனுப்பிவிடுவேன்.

கொஞ்ச மைக்கில் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு என் மனசில் எப்போதும் இருப்பது 1933 ஏப்ரல் 27. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் அவர் குழுவினரும் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் மூன்று மைக்குகளை நிறுத்தினார்கள். அங்கிருந்து வாஷிங்டனுக்கு மூன்று தொலைபேசித் தடங்கள். வாஷிங்டன் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் ஆள் இல்லாத மேடையில் மூன்று ஒலிபெருக்கிகள். ஃபிலடெல்ஃபியாவில் அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அதன் உண்மையான நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின்முன் அமர்ந்திருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த நடத்துநர்களில் ஒருவர் அன்று செய்த வேலை, மிக்சர் ஃபேடர்களைக் கூட்டிக் குறைத்தது. மைக் செட்காரனின் இடத்தில் இசை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

எங்கள் ஆலயங்களுக்கு வருகிறேன். கெட்டிச் சுவர், உயர்ந்த கூரை, கல் தளம். ஒரு கணக்கு பாருங்கள். 5,000 கன மீட்டர் கொள்ளளவும் 3 விநாடி எதிரொலியும் உள்ள கட்டடத்தில், எல்லாப் பக்கமும் பரவும் ஓசையின் மூலத்திலிருந்து சுமார் 2.3 மீட்டர் தள்ளிப் போனாலே, நேராக வரும் ஓசையைவிடச் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஓசை அதிகமாகிவிடும். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டியது கூடுதல் சத்தம் அல்ல, கூடுதல் தெளிவு. இங்கே பெரிய பாக்ஸ் இரண்டை முன்னால் நிறுத்தி அலறவிட்டால் கூரையும் சேர்ந்து அலறும். ஆலயத்தின் நெடுகிலும் தூண்களில் சின்னப் பாக்ஸ்களைக் காதுக்கு அருகே குறைந்த சத்தத்தில் வைப்பதே வழி. எங்கள் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 20 மீட்டர் பின்னால் இருக்கும் பாக்ஸை 57 மில்லி விநாடி தாமதித்து, அதன் மேல் இன்னும் பத்துப் பதினைந்து மில்லி விநாடி சேர்த்துவிட்டால், பக்கத்துத் தூணிலிருந்து சத்தம் வந்தாலும் காது அதை முன்னால் வாசிப்பவர்களிடமிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் எட்டும் ஓசையின் திசையையே காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தம் ஆய்வில் விளக்கியது இது.

ஒத்திகையன்று ஆலயம் காலியாக இருக்கும். ஆராதனையன்று பெஞ்சு முழுக்க ஆள். ஆளும் துணியும் ஓசையைக் குடித்துவிடுவதால் எதிரொலி குறையும். காலி ஆலயத்தில் சரியாக இருந்தது நிறைந்த ஆலயத்தில் மந்தமாகக் கேட்கும். அதனால் ஒத்திகையில் சற்று மினுக்கம் கூடியிருக்கும்படி விட்டுவைப்பேன்.

எங்கள் ஆலயங்களில் மின்விசிறி ஒரு பெரிய சங்கதி. வயலினுக்கு மேலே மைக் இருந்தால் அதற்கு மேலே விசிறி இருக்கும். இறக்கை வெட்டும் காற்று மைக்கில் புஸ்புஸ்ஸென்று விழும். நொட்டேஷன் தாள் பறக்கும். அந்த இடத்து விசிறிகளை மட்டும் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் சில கமிட்டிகளில் முகம் சுளிப்பார்கள். ஸ்பாஞ்சு உறை போட்டும், மைக்கை விசிறி நடுவிலிருந்து ஒதுக்கியும் சமாளிப்பேன். வெளியே என்றால் கடற்காற்று. டிசம்பரில் வாடை, ஆனி ஆடியில் கச்சான். மணப்பாடு போலக் கடலையொட்டிய இடங்களில் காற்றின் திசை பார்க்காமல் பாக்ஸ் நிறுத்தக்கூடாது. காற்று போகும் திசையில் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த் திசையில் தலைக்கு மேலே வளைந்து போய்விடும். மேடைக்குப் பின்னாலிருந்து காற்று வரும்படி மேடை போடச் சொல்லிக் கேட்பேன். பந்தக்காரர் கேட்டுக்கொண்டால் பாக்ஸ் எண்ணிக்கையே குறையும்.

உப்புக் காற்று கண்டென்சர் மைக்குக்குச் சத்துரு. கேனன் பின் பச்சைக் களிம்பு பிடிக்கும். டயஃப்ரத்தில் ஈரம் ஏறினால் பொரிப்பொரியென்று சத்தம் வரும், அதுவும் மெதுவான இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நிகழ்ச்சி முடிந்த ராத்திரியே துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடிவிட வேண்டும். மழைக்காலத்தில் மைக் பீரோவுக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எரிய விடுவேன்.

ஹாண்டலின் 'மேசியா'விலிருந்து 'அல்லேலூயா' பாடாத கிறிஸ்துமஸ் இந்தப் பக்கத்தில் அரிது. ஆர்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சேரும்போது எழும் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு பாட்டில் உண்டு. தொடக்கத்தில் தந்தி வாத்தியங்கள் தனியே வருகின்றன. பிறகு அறுபது குரல் ஒன்றாக எழுகிறது. முடிவை நெருங்க நெருங்க டிரம்பெட்டும் டிம்பனியும் அதற்கு மேலே நிற்கின்றன. குரல் எழுந்ததும் வயலின் மைக்குகளுக்குள் பாடகர்கள் புகுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வயலினைக் கூட்டினால் பாடகர்களும் கூடுவார்கள். மிக்சரில் இதற்கு மருந்து கிடையாது. மருந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது. பாடகர்களைப் பின்னால் உயரப் படிகளில் நிறுத்தி, வயலின்களை மூன்று நான்கு அடி முன்னால் இழுத்து, டிரம்பெட்டை ஒரு ஓரமாகப் பக்கவாட்டில் திருப்பினால் வயலின் மைக்குக்குள் வரும் குரல் பெருமளவு குறையும். பாடகர்களுக்கு மேலே இரண்டு, மிஞ்சினால் மூன்று மைக். ஆளுக்கொரு மைக் கேட்கும் தனிப்பாடகர்களைத் தவிர வேறு யாருக்கும் தனி மைக் கிடையாது. டிரம்பெட்டுக்கும் டிம்பனிக்கும் மைக்கே வைக்க மாட்டேன்.

பாட்டு நடக்கும்போது என் கண் மிக்சரில் இருக்காது. நடத்துபவரின் கையில் இருக்கும். மைக் இல்லாத ஆர்கெஸ்ட்ராவில் மிக மெதுவான இடத்துக்கும் மிக ஓங்கிய இடத்துக்கும் 50, 60 டெசிபல் வித்தியாசம் இருக்கலாம். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது, திருச்செந்தூர் பஸ் போகிறது. அந்த இரைச்சலில் மெதுவான இடம் அமிழ்ந்துவிடும். அதைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஆனால் மெதுவாக வாசிக்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரியவும் வேண்டும். மெல்லிசைக் குழுவுக்குப் பழகிய காது முழுப் பாட்டையும் ஒரே மட்டத்தில் கொண்டுவரத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. சோல்ஃபா தாளை வாங்கி, எந்த இடத்தில் செல்லோவுக்கு மெட்டு வருகிறது, எந்த இடத்தில் புல்லாங்குழல் தனியே எழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். அந்த இடம் வருவதற்கு ஒரு தாள அடிக்கு முன்னால் விரல் ஃபேடரில் இருக்க வேண்டும். வந்தபின் தூக்கினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

"சத்தமே இல்லையே அண்ணாச்சி, மைக் ஆன்ல இருக்கா?" என்று ஒரு பெரியவர் ஒருமுறை என்னிடம் வந்து கேட்டார். நான் மாஸ்டர் ஃபேடரைக் கீழே இறக்கிக் காட்டினேன். வயலின்கள் அவர் நின்ற இடத்திலிருந்து மறைந்தே போய்விட்டன. மறுபடி ஏற்றினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

திருச்சபைச் சேகரங்களுக்கும் கொயர் மாஸ்டர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மைக் செட்டுக்கு நிகழ்ச்சியன்று காலையில் போன் செய்யாதீர்கள். நாற்காலி போடுவதற்குமுன் கூப்பிடுங்கள். யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும்போது சவுண்டு பார்க்கிறவரும் பக்கத்தில் இருக்கட்டும். முழுக் குழுவும் உட்கார்ந்து, மைக் இல்லாமல் ஒருமுறையும் மைக்கோடு ஒருமுறையும் வாசிக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். பாட்டுத் தாளில் ஒரு பிரதி அவருக்கும் வேண்டும். ஊரில் வயலின் கற்கிற பிள்ளைகளில் எவருக்காவது மிக்சரிலும் ஆர்வம் இருந்தால், பொறுப்பான தொழில்காரரிடம் ஒரு டிசம்பர் முழுக்க அனுப்பி வையுங்கள். நாசரேத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் வாசிப்பதைக் கெடுக்காமல் சபைக்குக் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் போதவில்லை.